இந்தத் தடவை நிற்கவில்லை

"எப்பவாவது" என்ற சொல்லை அவள் முன்னால் யாரும் இரண்டாவது தடவை சொன்னதில்லை. முதல் தடவை சொன்னதுமே நிமிர்ந்து பார்ப்பாள். அதில் கோபம் இருக்காது. நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு வைத்தியர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "எப்பவாவதுன்னா எப்பண்ணே?" என்று கேட்பாள். பதில் வரும்வரை கையிலிருக்கும் தேநீரைக் குடிக்கமாட்டாள். அவள் குடிக்காமல் ஆறிப்போன தேநீரை நான் எத்தனையோ நாள் கழுவும் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

பதுளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வேலையிடம் இருந்தது. கடை முதலாளிதான் மாடிக்கும் முதலாளி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் அவர் நானா. வாப்பா விட்டுப்போன கடையைக் கீழே நடத்திக்கொண்டு, மேலே மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தார். பெட்டியின் பாகங்களைச் சேர்த்துக்கட்டி மலைச்சரிவுகளில் கொண்டுபோய்ப் பொருத்துவது என் வேலை. பெட்டிக்குள் ஓடும் கர்னல் கோட், அதாவது அடிப்படை நிரல், எழுதுவது அவள் வேலை. கம்பியூட்டரில் நாம் கண்ணால் காண்பதற்கெல்லாம் அடியில் இருந்து, கருவிகளை யார் எப்போது தொடலாம் என்று பங்கிட்டுக் கொடுப்பது கர்னல். அது நின்றால் மேலே இருக்கும் எதற்கும் உயிர் இல்லை.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு, கொழும்பில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டேன். "இங்க மழ பேயுதுண்ணே" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரிக்கிற முகமில்லை அவளுக்கு.

ஒருநாள் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்ட்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று பைக்கை எடுத்தேன். "பின் பிரேக் எப்பவாவது இறுகும், பயப்படாத" என்று சொல்லித் தொலைத்தேன். பின்னால் ஏறியவள் இறங்கிவிட்டாள். நடந்தே போனாள். மறுநாளும் நடந்தாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பைக்கை கராஜில் விட்டேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்றார். அதை வந்து சொன்னபோது, "அப்ப இன்னும் மோசம். எங்க இருக்குன்னே தெரியல" என்றாள். அன்று எனக்கு வந்த எரிச்சலை மறைக்கமாட்டேன். அவளோடு வேலை செய்வது சுகமான காரியமல்ல. ஒரு பெட்டியை நாள் முழுக்க ஓடவைத்து, மாலையில் "பாஸாகிருச்சு" என்று எழுந்தால், "பாஸாகிருச்சுன்னு சொல்லாதீங்கண்ணே. இந்தத் தடவ நிக்கலன்னு சொல்லுங்க" என்பாள். பெட்டி ஒழுங்காக ஓடிய நாட்களில்தான் அவள் முகம் அதிகம் வாடியிருக்கும்.

அவளுடைய அண்ணனுக்கு வலதுகையில் மூன்று விரல்கள் இல்லை. தேயிலை ஃபெக்டரியில் உருட்டும் மெஷினை நிறுத்தும் சுவிட்ச் எப்போதாவது வேலை செய்யாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததாம். அப்படி ஒரு நாளில் போன விரல்கள். இதை எனக்குச் சொன்னவர் நானா. நான் ஒருமுறை அவளிடம், அதனால்தான் இப்படி இருக்கிறாயா என்று கேட்டேன். "அது வேறண்ணே, இது வேற" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுக்க, பசறைக்கு மேலேயுள்ள தோட்டங்களுக்குப் பெட்டிகள் செய்தோம். இடம் பார்க்க அவளும் என்னோடு வந்தாள். ஒரு தோட்டத்தின் மேல் லயத்துக்குப் பின்னால், மலையில் வெடிப்பு ஓடியிருந்தது. கைவிரலை விட்டால் உள்ளே போகும் அகலம். லயத்து அறைகளில் வெடிப்புக்கு மிகக் கிட்ட இருந்த காம்பரா பார்வதியுடையது. கொழுந்து பறிக்கிறவர். புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பண்டாரவளையில் துணிக்கடையில் வேலை, சின்னவள் பள்ளிக்கூடம்.

லயத்து ஆட்கள் எல்லோரும் பெட்டியின் விலையைக் கேட்டார்கள். பார்வதி மட்டும் வேறொன்று கேட்டார்.

"இது கத்துனா நாங்க எந்தப் பக்கம் ஓடணும்?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "வாங்கக்கா, நடந்து பாப்போம்" என்று பார்வதியைக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வழியாகப் போனால் வெள்ளம் வரும், வேண்டாம். மாரியம்மன் கோயில் மேட்டுக்குப் போகும் பக்கவழிதான் சரி என்று இருவரும் முடிவு செய்தார்கள். பார்வதியின் சின்னவள் அவர்களுக்கு முன்னால் ஓடிக்காட்டினாள். திரும்பி வந்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அன்று அவள் தேநீரைச் சூடாகவே குடித்தாள்.

"மழைக்கு முன்னாடி கொண்டாந்துருவீங்கல்ல?" என்றார் பார்வதி.

"கொண்டாரோம்க்கா" என்றாள்.

பெட்டி செய்வது இரண்டே வேலைதான். மழைமானியையும், வெடிப்புக்குக் குறுக்கே இழுத்துக்கட்டிய கம்பியையும் வாசிப்பது ஒன்று. அளவு மீறினால் சைரனை அடித்து போன்களுக்குச் செய்தி அனுப்புவது மற்றது. இரண்டும் ஒரே தகவலில் ஒரே நேரத்தில் கைவைத்துக் குழப்பிவிடக்கூடாது என்பதற்காகக் கோட்டுக்குள் பூட்டுகள் இருக்கும். வாசிக்கும் வேலைக்கு ஒரு பூட்டு, செய்திக்கு ஒரு பூட்டு. பூட்டைப் பிடித்தவன் விடும்வரை மற்றவன் காத்திருக்கவேண்டும். வாசிக்கிறவன் தன்னுடையதை விடாமல் செய்திப் பூட்டுக்குக் காத்திருக்க, அதே கணத்தில் அனுப்புகிறவன் தன்னுடையதை விடாமல் வாசிப்புப் பூட்டுக்குக் காத்திருந்தால், இரண்டும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழைச்செய்தி வராது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பெட்டி செத்துப்போனது வெளியே யாருக்கும் தெரியாது. டெட்லொக் என்பது அதுதான்.

அதைத் தவிர்க்கும் வழி படித்த எல்லோருக்கும் தெரியும். கோட்டில் எந்த இடமானாலும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் பிடிக்கவேண்டும். முதலில் வாசிப்பு, பிறகு செய்தி. யாரும் தலைகீழாகப் பிடிக்காதவரை சிக்கல் வராது. தன் கோட்டை அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆனால் செய்தி அனுப்பும் மொடத்துக்கான கோட் அவளுடையதல்ல, சர்க்கிட் பலகையோடு விலைக்கு வந்தது. அது செய்திப் பூட்டைப் பிடித்தபடியே எங்கள் கோட்டைக் கூப்பிட்டு வாசிப்புப் பூட்டைக் கேட்கும் ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்தாள். பெட்டிகளை ஒப்படைக்கக் கொஞ்ச நாளே இருந்தபோது.

நானா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மேலே வந்தார்.

"தங்கச்சி, இவ்வளவு நாள் ஓடவச்சோமே, ஒருக்காலும் நிக்கல்லியே?"

"வெயில்ல ஓடவச்சோம் நானா. வெயில்ல மழமானி சும்மா கெடக்கும். அனுப்பவும் ஒண்ணும் இருக்காது. ரெண்டும் மோதிக்க சந்தர்ப்பமே இல்ல. கொட்டுற மழையிலதான் ரெண்டும் ஒரேயடியா ஓடும். அன்னைக்குத்தான் நிக்கும்."

"நிண்டா தானா மறுகா எழும்புற மாதிரி ஒண்ணு செய்ய ஏலாதா?"

"எழும்பும். அந்த மலையில சிக்னல் புடிக்க நேரம் எடுக்கும். மழ விடலன்னா மறுபடி நிக்கும். சனங்க பச்ச லைட்டப் பாத்து நம்பிக்கிட்டு உள்ள படுத்திருப்பாங்க. பொட்டி இல்லன்னா வெளிய வந்து மலையப் பாப்பாங்கல்ல, பொட்டி இருந்தா அதையும் பாக்கமாட்டாங்க."

நானா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதரல்ல. "எவ்வளவு நாள் வேணும்?" என்றார்.

"அவங்க கோட் பூராவும் வாசிக்கணும். ஒரு எடத்துல தலகீழா இருந்தா இன்னொரு எடத்துலயும் இருக்கும்."

ஒப்படைக்கும் திகதி தள்ளிப்போனது. பெட்டிகளில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் ஒட்டி, ஜன்னலோரத் தட்டில் அடுக்கிவைத்தோம். அவள் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவாள். மொடக் கோட்டில் தலைகீழாகப் பூட்டும் இன்னோர் இடமும் இருந்தது. சொன்னபடியே. அதைக் கண்டபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மழை வழக்கத்தைவிட முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எல்லோரும் வேலையில்லாமல் வீட்டோடு இருந்த நேரத்தில், அந்த மேல் லயத்தின் பின்னால் மலை இறங்கியது. பார்வதி கோயிலடிக் கடைக்குச் சீனி வாங்கப் போயிருந்தார். புருஷனும் சின்னவளும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த லயத்தின் ஒரு பாதி அப்படியே மண்ணுக்குள் போனது. சின்னவளை மறுநாள் எடுத்தார்கள். புருஷனை எடுக்க அதற்கும் மேல் நாளானது.

திங்கட்கிழமை காலை நான் மாடிக்கு வந்தபோது அவள் ஜன்னலோரத் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தின் பெயர் ஒட்டிய பெட்டி நான்காவதாக இருந்தது. அதை எடுக்கவுமில்லை, தொடவுமில்லை. "போலாம்ணே" என்றாள்.

சனங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பார்வதி ஒரு மேசையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பண்டாரவளையிலிருந்து வந்த மூத்தமகள் பக்கத்தில் இருந்தாள். எங்களைக் கண்டதும் பார்வதி அழவில்லை.

"பொட்டி கொண்டாரேன்னு போனியே புள்ள."

"பொட்டி செஞ்சாச்சுக்கா. ஆபிஸ்ல இருக்கு. நான்தான் குடுக்க வேணாம்னு வச்சிருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இப்போது எதற்கு இதெல்லாம் என்ற அர்த்தத்தில். அவள் நகரவில்லை.

"ஏன் வேணாம்ன?" என்றார் பார்வதி.

"பெரிய மழையில நின்னுரும்னு தெரிஞ்சுது. நம்பி ஏமாந்துரக் கூடாதுன்னு."

"நேத்து நின்னுருக்குமா?"

"தெரியலக்கா" என்றாள் அவள்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு" என்றார் பார்வதி. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரமே அவள் மொடக் கோட்டைத் திருத்தி முடித்தாள். எந்த இடத்திலும் தலைகீழாகப் பூட்டாத கோட். மற்றத் தோட்டங்களுக்கெல்லாம் பெட்டிகள் போயின. நான் மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அவள் வரவில்லை. அவள் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் பரிசோதனைக்காக நாங்கள் முன்பே வைத்த மழைமானி ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை முழுவதும் அதில் பதிவாகியிருந்தது. அவள் அதை எடுத்தாள். திருத்துவதற்கு முந்திய பழைய கோட்டைத் திரும்பவும் ஒரு பெட்டியில் ஏற்றினாள். தட்டில் நான்காவதாக இருந்த அதே பெட்டி. பதிவான மழையை மழைமானியின் வயர்வழியே அந்தப் பெட்டிக்குள் செலுத்தினாள், அன்று பெய்த அதே வேகத்தில். சைரனுக்குப் பதிலாக மேசையில் ஒரு சின்ன பஸர் வைத்தாள்.

முதல் தடவை, மலை இறங்கிய நேரத்துக்கு வெகு முன்பே பஸர் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. பிறகு ஒருமுறை நின்றது. பச்சை விளக்கு எரிய, மழை உள்ளே போய்க்கொண்டிருக்க, பெட்டி ஒன்றும் செய்யாமல் இருந்தது. அடுத்த தடவை அடித்தது. மழை அதேதான், கோட் அதேதான். ஆனால் உள்ளே இரண்டு வேலைகளும் மோதிக்கொள்ளும் கணம், ஒரு நொடியின் மிகச்சிறு துண்டால் ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால் விடையும் மாறும்.

நாட்கணக்காக ஓட்டினாள். கீழே கடையில் வாங்க வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, மேலே என்ன சத்தம் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் நானா வந்து பெட்டியின் வயரைக் கழற்றினார்.

"போதும் தங்கச்சி. என்னதான் தெரியணும் இனி?"

"பெரும்பாலும் அடிக்குது நானா."

"நீங்க சொன்னது சரிதானே. நிக்கவும் செய்யுதே."

"நிக்குது. ஆனா பெரும்பாலும் அடிக்குது."

"பிழ எண்ட கையிலயும் இரிக்கி. முதலாளி நான். குடுங்கண்டு நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்" என்றாள். அவருக்கு ஆறுதலாக அதைச் சொன்னாளா, அவரிடம் சண்டைக்கா, எனக்குப் புரியவில்லை. நானா வயரை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

அவள் பார்வதியிடம் போகிறேன் என்றபோது நான் தடுத்தேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தெரியவில்லை என்றே இருக்கட்டும், அதுவும் உண்மைதானே, எந்தத் தடவை எப்படி என்று உனக்கே தெரியாதே என்றேன்.

"அவங்க தெரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னாங்கண்ணே" என்றாள்.

தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். அப்போது லயத்துச் சனங்களைத் தகரக்கூரை போட்ட தற்காலிக வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். பார்வதி வேலைக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"பொட்டிய அப்பவே வச்சிருந்தா, பெரும்பாலும் கத்தியிருக்கும்க்கா."

பார்வதி கைகளைச் சேலையில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெரும்பாலும்னா?"

"நெறைய தடவ ஓட்டிப் பாத்தேன். சில தடவ நின்னுச்சு. மத்தப்படி கத்துச்சு. கத்தியிருந்தா மேட்டுக்குப் போக நேரம் இருந்திருக்கும்."

"பாப்பாவுக்கு வழி தெரியும்" என்றார் பார்வதி மெதுவாக.

"தெரியும்க்கா."

தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

"இத ஏன் வந்து எங்கிட்ட சொல்ற?"

"நீங்க கேட்டீங்க."

"கேட்டேன். வயிறெரிஞ்சு கேட்டேன். அதுக்கு நீ அளந்து பாத்துக்கிட்டு வருவியா?" குரல் உயரவில்லை. "விதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் புள்ள. எப்படியும் போயிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு தூங்கிட்டிருந்தேன். இனிமே எதச் சொல்லித் தூங்குவேன்?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. அழவுமில்லை. "போய்ட்டு வரேங்க்கா" என்றாள். மூத்தமகள் எங்கள் பின்னால் கதவைச் சாத்தினாள்.

அந்த மாதத்தோடு அவள் வேலையை விட்டாள். ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மேசையைத் துடைத்து, தன் கோட்டில் எந்தப் பூட்டு எந்த வரிசையில் என்பதை அடுத்து வரப்போகும் பையனுக்கு விளங்கும்படி எழுதிவைத்துவிட்டு, சாவியை நானாவிடம் கொடுத்தாள். நானா சாவியை வாங்க வெகுநேரம் கைநீட்டவில்லை. கொழும்புக்குப் போனாள் என்றார்கள். பிறகு மலேசியா என்றார்கள். போன் நம்பர் வேலை செய்யவில்லை.

அவள் எழுதிய கோட்தான் இன்னும் எல்லாப் பெட்டிகளிலும் ஓடுகிறது. போன மழையில் அந்தத் தற்காலிக வீடுகளுக்கு மேலே வைத்த பெட்டி பட்டப்பகலில் கத்தியது. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மேட்டில் நின்றார்கள். மலை இறங்கவில்லை. நனைந்ததுதான் மிச்சம் என்று நிறையப் பேர் எங்களைத் திட்டினார்கள். மறுநாள் கம்பியை இறுக்கிக்கட்ட நான் போனபோது, பார்வதி தன் வீட்டு வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ள எங்க இருக்கு?" என்றார் பிறகு.

"சரியாத் தெரியலக்கா. வெளிநாட்டுலன்னு சொல்றாங்க."

"கண்டா வரச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன்.

"நான் அன்னைக்குப் பேசுனது பேசுனதுதான். அத மாத்திக்க மாட்டேன்." கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஆனா எங்க பாப்பா கூட அந்த வழிய நடந்து பாத்தது அந்தப் புள்ள ஒண்ணுதான். அதப் பத்திப் பேச எனக்கு வேற ஆள் இல்ல. வரச் சொல்லுங்க."